நெய்க்காரப்பட்டி ஆரோக்கியம்மாள்

சேலை விற்க மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்தைப் போல வேறு நேரம் கிடையாது, மேடம். சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் கடை பேஸ்புக்கில் லைவ் போடும். ஒரு பெண் விளக்குக்கு முன்னால் நின்று சின்னாளப்பட்டிச் சுங்குடியை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிப் பேசுவாள். பார்ப்பவர்கள் பிடித்த சேலை வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். யார் முதலில் அனுப்புகிறாரோ அவருக்குச் சேலை. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் மற்றதைக் கேட்டால் உங்களுக்கு விளங்காது. அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் புவனேஸ்வரி. எம்.காம். திண்டுக்கல் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். கடை அக்பர் அலி பாயுடையது. ஆன்லைன் வியாபாரத்தை அவர் மகன் முகமது யாசின் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முந்தானை எந்தப் பக்கம், உடல் எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது லைவ் போடலாம் என்று யோசனை சொன்னவளும் நான்தான், முதலில் விளக்குக்கு முன்னால் நின்றவளும் நான்தான். சுத்தமான தமிழில் பேசுவேன். வணக்கம் என்று ஆரம்பித்து நன்றி என்று முடிப்பேன். நான் பேசி யாரும் முகம் சுளித்தது கிடையாது.

கௌசல்யா பார்சல் கட்டத்தான் வந்தாள். ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பெருமாள்சாமி முல்லைப் பூ பயிரிடுகிற சம்சாரி. வந்த புதிதில் எண்ணெய் வழியும் தலையும் தோளில் துண்டு மாதிரி ஒரு துப்பட்டாவுமாக நிற்பாள். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாசின் அவசரத்துக்கு அவளைப் பிடித்து நிறுத்தினார். அவள் கேமராவைப் பார்த்துப் பேசவேயில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஏக்கா, செத்த நேரம் இருங்கக்கா, ஓடாதீக. இந்தக் கத்திரிப்பூக் கலரைப் பாருங்க, அம்புட்டு அழகா இருக்கு. எங்கம்மாவுக்கு ஒண்ணு எடுத்து வச்சுட்டேன், திட்டுனாலும் பரவால்லன்னு."

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லுங்கள். ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. எனக்கு மறுநாளே தொண்டை சரியாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை. யாசின் எனக்கு டீம் லீடர் என்று ஒரு பெயர் கொடுத்து மேஜையில் உட்கார வைத்தார். வருகிற கமெண்டைப் படிப்பது, மோசமானதை அழிப்பது, ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஆர்டர் போடுவது என் வேலை. நான் கட்டிய மேடையில் அவள் நின்று பேச, நான் ஓரமாக உட்கார்ந்து அவளுக்கு வந்த பாராட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் பொறாமை என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். படித்தவளுக்குப் படிக்காதவள் மேல் வருவதற்குப் பெயர் பொறாமை இல்லை.

ஒரு லைவ் முடிவதற்குள் என் மேஜைக்கு மழை மாதிரி ஸ்கிரீன்ஷாட் கொட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சேலை இருக்கும், சேலைக்கு மேலே அவள் முகம் இருக்கும். பேசிக்கொண்டிருக்கிற ஆளைப் பாதியில் நிறுத்திப் படம் பிடித்தால் எந்த முகமும் கோணலாகத்தான் விழும், மேடம். உங்கள் முகமும் அப்படித்தான் விழும். கண் செருகியிருக்கும், வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கும், பல் வெளியே நிற்கும். வாங்குகிறவர்கள் சேலையைப் பார்த்தார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். சேலையை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்து ஸ்டிக்கராக்குவதற்குப் போனில் ஒரு நிமிடம் போதும். முதல் ஸ்டிக்கரின் கீழே 'டீ வந்துருச்சு' என்று எழுதினேன். அவள் வாயைத் திறந்திருந்த விதத்துக்கு அது பொருத்தமாக இருந்தது.

எந்த ஆபீசிலும் இரண்டு குரூப் இருக்கும். எல்லாரும் இருக்கிற குரூப் ஒன்று. யாரோ ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் இருக்கிற குரூப் இன்னொன்று. உங்கள் ஸ்டேஷனிலும் இருக்கும். நீங்கள் இரண்டாவதில் இல்லையென்றால் உங்களுக்கு அது தெரிந்திருக்காது. எங்கள் இரண்டாவது குரூப்பில் யாசினும் கௌசல்யாவும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே பெயர், சுங்குடி டீம். ஒரே படம். யாராவது எட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று நான்தான் அப்படி வைத்தேன்.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. லைவுக்கு வீடியோ எடுக்கிற விக்னேஷ்குமார் இன்ஜினியரிங் முடித்துவிட்டு விளக்குத் தூக்குகிறவன். வீட்டுக்குப் போனால் அப்பன் அவனை ஒரு மனுஷனாக மதிப்பதில்லை. அவனுக்குத் தன்னைவிடக் கீழே ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் வந்த நாளிலிருந்து அவன் உற்சாகமாக வேலைக்கு வந்தான், அவனே புதிது புதிதாகப் பிடித்துக் கொடுத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். பார்சல் கட்டுகிற ஷாஹினா மட்டும் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து, "வேணாங்க்கா, பாவமா இருக்கு" என்றாள். அவளுடைய முகத்தையும் ஸ்டிக்கராக்கிப் பார்க்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் தைரியம். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, அடுத்தது நாமோ என்ற பயம்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆபீசையே நடத்தலாம்.

கமெண்ட் விஷயம் கேட்டீர்கள். வேறு வேறு பெயரில் சில கணக்குகள் வைத்திருந்தேன், மறைக்கவில்லை. 'பல்லு விளக்கிட்டு வந்து நில்லும்மா' என்று ஒன்றை எழுதுவேன். 'இது தமிழா, இல்ல மாட்டை ஓட்டுற சத்தமா' என்று இன்னொன்றை எழுதுவேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள், மதியம் பொழுது போகாமல் எழுதுவது. யாராவது ஒருவர் முதலில் எழுதினால் போதும் என்று காத்திருக்கிற கூட்டம். மோசமான கமெண்டை அழிப்பது என் வேலை என்றேனே, அழிக்கத்தான் செய்தேன். அவள் படித்து முடிக்கிற வரை பொறுத்திருந்து அழித்தேன். படிக்கும்போது அவள் பேச்சு தடுமாறும். தடுமாறுகிற முகம் அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் விழும்.

ஸ்டிக்கர் எப்படியோ அவள் ஊருக்குப் போய்விட்டது. விக்னேஷ்குமார் யாருக்கோ அனுப்பியிருப்பான். அவள் தம்பி பஸ் ஸ்டாப்பில் எவனையோ அடித்துவிட்டு வந்திருக்கிறான். அப்பா வேலைக்குப் போனது போதும், தை பிறந்ததும் முறைமாமனுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். அவள் கெஞ்சிக் கூத்தாடித் தை வரைக்கும் வேலைக்குப் போக அனுமதி வாங்கியிருந்தாள். இந்த வேலை நின்றால் தாலி, அவ்வளவுதான் அவள் நிலைமை. இதை எப்படி எனக்குத் தெரியும் என்றால், அவளே சொன்னாள்.

எங்கள் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண் ஊழியர்கள் புகார் சொல்ல ஒரு குழு, அதற்கு ஒரு தலைவி. சட்டப்படி வைக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னாராம். யாசின் யோசித்துக்கூடப் பார்க்காமல் என் பெயரை எழுதி ஒட்டிவிட்டார், நான்தான் மூத்தவள், படித்தவள். கௌசல்யா அந்தத் தாளைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். ஸ்டாக் அறையில் சேலைக்கட்டு மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"யாருன்னு தெரியலக்கா. யாரு மேலயும் எனக்குக் கோவமில்ல. நிப்பாட்டச் சொல்லுங்க, அது போதும்."

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஜென்மம் என்பார்களே, அப்படி. அழுதுகொண்டே, என்னைத் தொந்தரவு பண்ணுவதற்கு மன்னிப்பும் கேட்டாள். நான் விசாரிக்கிறேன், யாசினிடம் மட்டும் போகாதே, போனால் லைவையே நிறுத்திவிடுவார் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்கு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டால் உயிரையே எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நெய்க்காரப்பட்டி ஆரோக்கியம்மாளை அந்த வாரமே உண்டாக்கினேன். இந்தப் பெயர் உங்களுக்குப் புதிது. உங்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் கௌசல்யாவையும் என்னையும் தவிர யாருக்கும் அவளைத் தெரியாது. வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய போனில் பழைய சிம்மைப் போட்டேன். பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் தனியாக இருக்கிற ரிட்டயர்டு நர்ஸ், மகன்கள் வெளிநாட்டில், லைவை விடாமல் பார்க்கிறவர். அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் அனுப்பும் குரல் பதிவைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பேச்சு படிந்திருந்தது. முதல் செய்தி இதுதான்: 'கண்ணு, நீ பேசறத கேட்டா எம்பட மக பேசறாப்புல இருக்குது. சாப்ட்டயா?' கௌசல்யா உடனே போன் பண்ணினாள். எடுக்கவில்லை. காது சரியாகக் கேட்பதில்லை, எழுதியே போடு கண்ணு என்று பதில் அனுப்பினேன். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். இன்றைக்கு ஊர்க்காரர் போனில் எந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள், எது வலித்தது, எந்தக் கமெண்டைப் படித்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றாள் என்று ஒன்று விடாமல் எழுதுவாள். கறுப்பு என்று சொன்னால் அவளுக்கு உறைப்பதில்லை. பல்லைச் சொன்னால்தான் உறைத்தது. அம்மாவை இழுத்தால் அன்றைக்கு முழுதும் சாப்பிடமாட்டாள். அடுத்த நாள் எதை எழுதுவது என்று நான் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் ஆரோக்கியம்மாள் அவளுக்கு ஆறுதல் சொல்லுவாள்.

நான் நன்றாகத்தான் எழுதினேன், மேடம். தற்பெருமைக்குச் சொல்லவில்லை. 'அழுவாத சாமி. அப்பனாத்தாகிட்டச் சொல்லிப்போடாத, வேலைய நிறுத்திப்போடுவாங்க. மொதலாளிகிட்டயும் வாயத் தொறக்காத. எங்கிட்டச் சொல்லு, நான் பாத்துக்கறேன்.' அவள் அப்படியே கேட்டாள். அந்த ஆபீசில் அத்தனை பேர் இருந்தோம், நான் அன்றைக்கு ஒரு தடவை கேட்டதைத் தவிர ஒருவர்கூட அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. ஒரு நாள் தவறாமல் கேட்டது ஆரோக்கியம்மாள்தான்.

ஆடித் தள்ளுபடி லைவ் அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் இரண்டாவது குரூப்பில் ஒரு வார்த்தைதான் போட்டேன், எல்லாரும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் கமெண்டில் போடலாமே என்று. பத்து வேறு முகமாக அவள் முகமே அவளுக்கு முன்னால் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேமித்து வைத்துத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அவள் ஒரு பச்சைச் சேலையைப் பாதி விரித்தபடி நின்றுவிட்டாள்.  லைவ் ஓடிக்கொண்டேயிருந்தது. யாசின் ஓடிவந்து அவளை ஓரமாக நகர்த்திவிட்டு, என்னை நிற்கச் சொன்னார். நான் வணக்கம் சொல்லி அந்தப் பச்சைச் சேலையிலிருந்தே தொடர்ந்தேன். அவளைக் கொஞ்ச நாள் பார்சலுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அங்கேயே இது முடிந்திருக்கும். முடிய விடாதவர்கள் பார்க்க வந்தவர்கள்தான். நான் நின்ற முதல் நாளே கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் புள்ள எங்க, ரெட்டியார்சத்திரத்து அக்கா வரலையா, இவங்க வாத்தியாரம்மா மாதிரி பேசுறாங்க என்று. ஒன்றை அழித்தால் இரண்டு வந்தது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை திரையின் மூலையில் ஓடுமே, அது இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே நான் சிரித்த முகமாகச் சேலை காட்ட வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஜனங்களுக்குத் தரம் என்பதே தெரியாது, அந்தப் பட்டிக்காட்டுப் பேச்சு கேட்டால்தான் சேலை வாங்கத் தோன்றுமாம்.

சனிக்கிழமை சாயங்காலம் யாசின் என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட நான் அன்னைக்கு நடந்துக்கிட்டது சரியில்லக்கா. திங்கக்கிழமைலருந்து அவளே லைவ் பண்ணட்டும். நீங்க அக்கா மாதிரி, நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க" என்றார். அவள் அன்றைக்கு லீவு. சொல்கிறேன் என்று வந்தேன். சொல்ல மறந்துவிட்டேன் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். மறக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஆரோக்கியம்மாளுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. வீட்டில் கல்யாணத்தை ஆவணிக்கே முன்னால் தள்ளிவிட்டார்களாம். லைவும் போய்விட்டது, இனி வேலைக்கு எதற்கு என்கிறார்களாம். 'அம்மா, உங்க வீட்டுல கொஞ்ச நாளைக்கு வந்து இருக்கட்டுமா? வேலை தேடிக்கிறேன். பாரமா இருக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். ஒரு பக்கம் யாசின் சொன்ன சேதி, ஒரு பக்கம் இது. லைவ் திரும்பக் கிடைத்தது என்று தெரிந்தால் அவள் வீட்டில் சண்டை போட்டாவது நின்றிருப்பாள். அது எனக்குத் தெரியும். 'வா கண்ணு. நாளைக்குப் பழனி பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நான் பழனிக்குப் போய்விட்டேன். பழனி பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. மொட்டைத் தலைகளும் சந்தனமும் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவர்களுமாக எப்போதும் கூட்டம். எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தேன். ஒரு பையோடும், முல்லைப் பூவை வாழையிலையில் சுற்றிக் கட்டிய ஒரு பொட்டலத்தோடும் அவள் வந்து இறங்கினாள். பூ ஆரோக்கியம்மாளுக்கு. வாடிவிடாமல் இருக்க அடிக்கடி பாட்டிலில் இருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டாள். நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, இறங்குகிற வயதான பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பஸ் வரவில்லை கண்ணு, இன்னும் செத்த இரு, என்று நான் பழைய போனிலிருந்து எழுதிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடப் போகவில்லை. போன நேரத்தில் அம்மா வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. போட்டோ ஒன்று எடுத்து, 'அடுத்த லைவ் பழனி பஸ் ஸ்டாண்டிலிருந்து' என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். ஒரே பெயர், ஒரே படம் என்று சொன்னேனே. அது முதல் குரூப். யாசின் இருக்கிற குரூப், அவள் இருக்கிற குரூப். உடனே அழித்துவிட்டேன். அதற்குள் ஷாஹினா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள். வாய் பேசத் தெரியாதவள் கடைசியில் அதை வைத்துத்தான் என்னை உங்களிடம் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாள். அவளுக்கு இவ்வளவு புத்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கௌசல்யா போனைப் பார்த்தாள். பிறகு படம் எந்தப் பக்கமிருந்து எடுத்தது என்று தெரிந்து நேராக என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஈயாடவில்லை. சண்டைக்கு வருவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அவள் வரவில்லை. தலையைக் குனிந்து அவசர அவசரமாக ஏதோ எழுதினாள். என் மடியில் இருந்த பழைய போன் அதிர்ந்தது.

'அம்மா புவனாக்கா இங்க வந்திருக்காங்க. அவங்கதாம்மா எல்லாம் பண்ணது. எனக்குப் பயமா இருக்கு. வெரசா வாங்கம்மா.'

என்னைப் பார்த்துப் பயந்து, என்னிடமே ஓடிவந்தாள். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததேயில்லை.

வீட்டுக்குப் போ என்று எழுதியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை யாசினே கூப்பிட்டுப் பேசிவிடுவார். அவள் விளக்குக்கு முன்னால் நின்று நடந்ததையெல்லாம் அதே பேச்சில் சொல்லுவாள், ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதனால் இப்படி எழுதினேன்: வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அந்தப் புவனா உன் வீட்டுக்குச் சொல்லியிருப்பாள், அங்கே போகாதே கண்ணு, திருப்பூர் பஸ்ஸில் ஏறு. பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற ஒரு இடத்தின் விலாசம் கொடுத்தேன், அங்கேயே ஹாஸ்டல் உண்டு. பழைய சிம்மைக் கழற்றிப் போடு, புது சிம் வாங்கியதும் முதலில் எனக்கு எழுது என்றும் சொன்னேன். அவள் எழுந்தாள். பூவை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். எந்தப் பஸ் என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அது இதுதான். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னது பொய்.

வந்ததற்கு மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். கூட்டம் அவ்வளவு இல்லை. திங்கட்கிழமை ஆபீசில் எல்லாருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தேன். கோயிலுக்குப் போன இடத்தில் தற்செயலாகப் பார்த்தேன், விளையாட்டுக்குப் போட்டேன் என்று சொன்னதை யாசின் நம்பினார். லைவில் நான்தான் நின்றேன்.

அவள் அப்பா கடைக்கு வந்தது அன்றைக்குத்தான். மண் ஒட்டிய காலோடு வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. நான் வெளியே போனதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நீதான் அவளக் கடைசியாப் பாத்தவ. எந்தப் பஸ்ல ஏறுனான்னு மட்டும் சொல்லு தாயி. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எம்புள்ள அது இஷ்டத்துக்கு இருக்கட்டும். வீட்டுக்கு வந்தாப் போதும்."

கூட்டத்தில் கவனிக்கவில்லை ஐயா என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. அன்று சாயங்காலம் புது எண்ணிலிருந்து அவள் எழுதினாள். வேலை கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் முன்பின் தெரியாதவர்களோடு படுக்கப் பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை, அப்பாவிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கிறீர்களா அம்மா, கூப்பிட்டால் போய்விடுகிறேன் என்று. நான் பதில் போட்டேன். 'பேசினேன் கண்ணு. செத்தாலும் வாசப்படி ஏறக்கூடாதுன்னுட்டாரு. நீ எனக்கு மகளாட்டம் இருந்துக்க.'

 சரிங்கம்மா என்று மட்டும் பதில் எழுதினாள்.

அதிலிருந்து தினமும் எழுதுகிறாள். நானும் ஒரு நாள் விட்டதில்லை, உங்கள் விசாரணைக்கு வந்து போன நாட்களில்கூட விட்டதில்லை. நீங்கள் என் போனை வாங்கி வைத்துக்கொண்டீர்கள், இன்னொன்று இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பேன். சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குக் கீழே இருக்கிறது. இந்தாருங்கள். விலாசமெல்லாம் அதிலேயே இருக்கிறது.

அவள் அப்பா மூன்று நாளாக உங்கள் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். போய்ச் சொல்லுங்கள், ஆட்சேபணை இல்லை. ஜீப் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வாருங்கள். ஆனால் போலீஸ் வந்து நின்றால் அவள் மிரண்டு எங்காவது ஓடிவிடுவாள், அவளை எனக்குத் தெரியும். அவள் அப்பா கூப்பிட்டால்கூட இப்போது நம்பமாட்டாள். கம்பெனியில் டீ குடிக்க விடுகிற நேரம் இது, பாருங்கள், எழுதியிருக்கிறாள். 'அம்மா கால் எப்படி இருக்கு? சாப்ட்டீங்களா?' அந்தப் போனை இரண்டு நிமிடம் என் கையில் கொடுங்கள். வீட்டுக்குப் போ என்று நான் சொன்னால்தான் போவாள். அவளுக்கு என்னை விட்டால் நாதியில்லை, மேடம்.